தானாகவே இறங்கினான்

1

என் சின்னம்மா வீட்டுத் தகரப் பெட்டியில் இரண்டு காகிதங்கள் இருக்கின்றன. ஒன்று, பங்குச் சாமியார் தன் கையால் எழுதிக் கொடுத்தது. கல்லறைக் கல்லில் வெட்ட வேண்டிய வாசகம். பிறருக்காக மனமுவந்து தன் உயிரைப் பலியாகத் தந்தவர் என்று அதில் இருக்கிறது. இன்னொன்று, காண்ட்ராக்டர் கொண்டு வந்து கையெழுத்து வாங்கிய தாள். யாரும் சொல்லாமலும் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமலும் தானாகவே தொட்டிக்குள் இறங்கினார் என்று டைப் அடித்திருக்கிறது. கீழே சின்னம்மாவின் கைநாட்டு.

இரண்டும் ஒரே ஆளைப் பற்றியவை. சின்னம்மாவின் மகன், எனக்குத் தம்பி. மனமுவந்து என்கிறது ஒன்று. தானாகவே என்கிறது மற்றது. பொருள் ஒன்றுதான். ஆனால் ஒரு காகிதம் அவனைப் புனிதனாக்கப் பார்க்கிறது, இன்னொரு காகிதம் காண்ட்ராக்டரை நிரபராதி ஆக்குகிறது. ஒரே சொல் எப்படி இந்த இரண்டு வேலையையும் பார்க்கிறது? பிறருக்காக விரும்பிச் சாவது கிறிஸ்தவ விசுவாசத்தில் பலியாகுமா ஆகாதா என்று இறையியல் கல்லூரிகளில் விவாதிக்கிறார்கள். சேரியில் இருந்து பார்க்கும்போது அந்தக் கேள்வி இந்தத் தகரப் பெட்டிக்குள் கிடக்கிறது.

எங்களுக்கு ஆரணிப் பக்கம். பட்டுக்குப் பேர் போன ஆரணி திருவண்ணாமலை மாவட்டம், அது வேறு. இது திருவள்ளூர் மாவட்டத்து ஆரணி. பெரியபாளையத்துக்கும் பொன்னேரிக்கும் நடுவில், ஆரணியாற்றங்கரையில் இருக்கிற பேரூராட்சி. ஆறு பழவேற்காட்டு ஏரியில் போய் விழுகிறது. எங்கள் பாட்டன்மார் பிறத்தியார் நிலத்தில் நெல்லுக்கட்டு தூக்கினார்கள். எங்கள் தலைமுறை கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு பஸ் ஏறியது. வேலை மாறியது. மேஸ்திரி காலனிக்கு வந்து ஆள் கூப்பிடும் தோரணை மாறவில்லை.

தம்பி அங்கே ஒரு ஆலையில் காண்ட்ராக்ட் ஆள். லோடு ஏற்றுவது அவன் வேலை. 2009 நவம்பர். மழை விட்டிருந்த ஒரு காலை. வடநாட்டுத் தொழிலாளர்கள் தங்கியிருந்த கொட்டகைகளுக்குப் பின்னால் இருந்த கழிவுத் தொட்டி நிரம்பி வழிந்ததால், ஒரிசாவில் இருந்து வந்த இரண்டு பையன்களை மூடியைத் திறந்து இறக்கியிருக்கிறார்கள். இறங்கிய இருவரும் சத்தமில்லாமல் விழுந்தார்கள். அப்போது தொட்டியைச் சுற்றி நாற்பது ஐம்பது பேர் இருந்ததாகக் கூட இருந்த ஆட்கள் சொன்னார்கள். சூப்பர்வைசர் கேட்டது ஒரே கேள்வி: "டேய், காலனிப் பசங்க எவன்டா இருக்கான்?"

ஐம்பது தலையும் தம்பியைப் பார்த்துத் திரும்பின. அவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினான். கைக்கு எட்டிய பையனை, கயிற்றை அவிழ்த்து அவன் இடுப்பில் கட்டி, மேலே அனுப்பிவிட்டுத் தானும் ஏறி வந்தான். வெளியே வந்து வாந்தி எடுத்தான். கண் சிவந்து கிடந்தது. அப்போது யாரும் அவனை இறங்கச் சொல்லவில்லை. கூட வேலை பார்த்த நம் ஆட்களே கையைப் பிடித்து இழுத்தார்கள். "வாணாம்டா, மூச்சு கட்டிக்கும்" என்றார்கள். "இன்னொருத்தன் உள்ள கீறான்டா" என்று சொல்லிவிட்டு மறுபடி இறங்கினான். அப்புறம் ஏறவில்லை.

மேலே வந்த பையன் பிழைத்தான். ஒரு வாரத்தில் ஊருக்கு ரயில் ஏற்றி விட்டார்கள். அவன் என்ன சாதி, எந்த ஊர் என்று எங்களுக்கு இன்று வரை தெரியாது.

2

அடக்கத்தன்று இரண்டு பேர் பேசினார்கள். பங்குச் சாமியார் யோவான் நற்செய்தி 15ஆம் அதிகாரம் 13ஆம் வசனத்தை எடுத்துக்கொண்டார். நண்பர்களுக்காக உயிரைக் கொடுப்பதை விடப் பெரிய அன்பு கிடையாது என்று இயேசு சொன்ன இடம் அது. தம்பியின் சாவு கல்வாரிப் பலியோடு சேர்ந்து விட்டது என்றார். சின்னம்மாவின் தம்பி ஒருவர் ஜெபவீட்டுக்குப் போகிறவர். அவரோடு வந்த பாஸ்டர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. எபிரெயர் நிருபத்தைக் காட்டினார். ஆடு மாடுகளின் இரத்தம் பாவத்தை நீக்காது, கிறிஸ்து ஒரே தரம் ஒரே பலியாகத் தன்னைக் கொடுத்து விட்டார், அதோடு பலி முடிந்தது, மனிதனுடைய எந்தச் சாவும் இனிமேல் பலி ஆகாது என்றார். கடைசியில், பையன் ரட்சிக்கப்பட்டவனா என்று கேட்டார்.

பாஸ்டர் கேட்ட கேள்விக்காக அன்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பலியைப் பற்றி அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று பின்னால் தோன்றியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

கத்தோலிக்கத் திருச்சபையிலேயே இந்தக் கேள்வி நெடுங்காலம் முடிச்சு அவிழாமல் கிடந்தது. வேதசாட்சி என்றால், விசுவாசத்தின் மேல் உள்ள வெறுப்பால் கொல்லப்பட்டவர் என்று பொருள். கொல்கிறவன் மனதில் அந்த வெறுப்பு இருந்தாக வேண்டும். பக்கத்து வீட்டுக் குழந்தையைக் காப்பாற்ற நெருப்பில் குதித்தவர் இந்தக் கணக்கில் வர மாட்டார். நெருப்புக்கு விசுவாசத்தின் மேல் வெறுப்புக் கிடையாதே!

இந்தக் கணக்கை உலுக்கியவர் மாக்சிமிலியன் கோல்பே. போலந்து நாட்டு பிரான்சிஸ்கன் துறவி. 1941 ஜூலைக் கடைசியில் ஆஷ்விட்ஸ் முகாமில் ஒரு கைதி தப்பிவிட்டார் என்று பதிலுக்குப் பத்துப் பேரைப் பட்டினிச் சாவுக்குப் பொறுக்கினார்கள். அதில் ஒருவரான பிரான்சிஸெக் கயோவ்னிசெக் பெண்டாட்டி பிள்ளைகளை நினைத்துக் கதறினார். கோல்பே வரிசையை விட்டு வெளியே வந்து அவருடைய இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இரண்டு வாரத்துக்குப் பிறகும் உயிர் போகாததால் ஆகஸ்ட் 14ஆம் தேதி விஷ ஊசி போட்டுக் கொன்றார்கள். 1971இல் ஆறாம் பவுல் அவருக்கு அருளாளர் பட்டம் தந்தபோது வேதசாட்சி என்று தரவில்லை. 1982 அக்டோபர் 10ஆம் தேதி இரண்டாம் யோவான் பவுல் புனிதர் பட்டம் தந்தபோது வேதசாட்சி என்றே அறிவித்தார். காப்பாற்றப்பட்ட கயோவ்னிசெக் அந்தச் சடங்கில் உட்கார்ந்திருந்தார். மனிதனையே வெறுக்கிற ஒரு அமைப்பு விசுவாசத்தையும் வெறுப்பதுதான் என்பது அந்த முடிவுக்குச் சொல்லப்பட்ட நியாயம்.

2017 ஜூலை 11ஆம் தேதி போப் பிரான்சிஸ் ஒரு ஆணை வெளியிட்டார். வேதசாட்சியம், வீரத்துவமான நற்பண்பு என்கிற பழைய வழிகளோடு, உயிரைக் கையளித்தல் என்று ஒரு தனி வழி அதில் திறக்கப்பட்டது. அன்பின் பொருட்டு, நிச்சயமான, அகால மரணத்தைச் சுதந்திரமாகவும் விரும்பியும் ஏற்றவர்களுக்கு உரிய வழி. அந்த ஆணைக்கு வைத்த பெயரே யோவான் 15:13இன் லத்தீன் சொற்கள்தான். ஆகச் சட்டப்படி விடை கிடைத்துவிட்டது. பிறருக்காக விரும்பிச் சாவது திருச்சபையின் கணக்கில் ஏறும். நிபந்தனை, சுதந்திரம். அந்த ஒரு சொல்லில்தான் நம் ஆட்கள் இடறி விழுகிறார்கள்.

3

சுதந்திரமாக இறங்கினானா?

முதலில் அந்தக் குழியைப் பற்றிக் கொஞ்சம். கழிவு அழுகும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகிறது. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவுக்கு வந்துவிட்டால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. இன்னும் ஏறினால் ஒன்றிரண்டு மூச்சில் ஆள் விழுவான். எச்சரிக்கிற நாற்றத்தையும் எடுத்துக்கொண்டு கொல்கிற வாயு அது. அதனால்தான் தூக்கப் போனவனும் சாகிறான். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986இலேயே ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. இப்படிப்பட்ட அடைபட்ட இடங்களில் செத்தவர்களில் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டவர்கள் காப்பாற்றப் போனவர்கள் என்று அதில் இருக்கிறது. குழியைத் திறந்து ஒருவனை இறக்குகிறவன் ஒருவனை மட்டும் இறக்கவில்லை. அவன்மேல் பாசம் வைத்தவனையும் சேர்த்தே இறக்குகிறான்.

2019 நவம்பரில் சென்னை ராயப்பேட்டையில் ஒரு வணிக வளாகத்தின் கழிவுத் தொட்டியில் மயங்கிய உடன்பிறந்தவனைத் தூக்க இறங்கினான் ஒரு இளைஞன். உடன்பிறந்தவன் பிழைத்தான், இவன் செத்தான். 2015 நவம்பர் 26ஆம் தேதி கோழிக்கோட்டில் ஆட்டோ ஓட்டுநர் நௌஷாத், சாக்கடைக் குழியில் விழுந்த இரண்டு ஆந்திரத் தொழிலாளர்களைக் காப்பாற்ற இறங்கினார். மூன்று பேரும் செத்தார்கள். அந்த இரண்டு பேரும் அவருக்கு உறவில்லை. மொழியும் வேறு, மதமும் வேறு. அவர் குடும்பத்துக்குக் கேரள அரசு உதவி அறிவித்தபோது, அவர் முஸ்லிம் என்பதால்தான் கொடுக்கிறார்கள் என்று பேசிய தலைவரும் அங்கே இருந்தார். செத்தவன் கொடுத்ததில் கூட மதம் பார்த்து எடை போடுகிற நாடு இது.

நௌஷாத்தை யாரும் கூப்பிடவில்லை. அவர் இறங்கியதில் சுதந்திரம் பளிச்சென்று தெரிகிறது. என் தம்பியின் முதல் இறக்கத்தை அப்படிச் சொல்ல முடியுமா? ஐம்பது பேர் நிற்கிறார்கள். ஒருவனை மட்டும் பார்க்கிறார்கள். அந்தப் பார்வை வெறும் பார்வையா? மலக்குழியில் யார் இறங்குவது என்பதை இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே முடிவு செய்துவிட்டு, அந்த முடிவைக் கண்ணால் ஞாபகப்படுத்துவது அது. கழுத்தில் கத்தி வைக்கவில்லைதான். வைக்கத் தேவை இருக்கவில்லை. 'இல்லை' என்று சொல்லியிருந்தால் மறுநாள் அவனுக்கு லோடு இருந்திருக்காது. 'இல்லை' என்று சொல்ல இடமில்லாதவன் சொல்கிற 'சரி'யை விருப்பம் என்று எந்த இறையியலில் எழுதுவது?

கெடா வெட்டுக்கு நின்றவர்களுக்கு ஒன்று தெரியும். ஆட்டுக்கு மாலை போட்டு, தலையிலும் முதுகிலும் மஞ்சத் தண்ணி ஊற்றுவார்கள். ஈரம் பட்டால் எந்த மிருகமும் உடம்பைச் சிலுப்பும். ஆடும் சிலுப்பும். உடனே கூட்டம் குலவை போடும். "துலுக்கிடுச்சி, உத்தரவு குடுத்துடுச்சி!" ஆடு சம்மதித்துவிட்டதாம். அப்புறம்தான் அரிவாள் இறங்கும். சம்மதம் இல்லாமல் வெட்டினால் அது கொலை ஆகிவிடும் என்று வெட்டுகிறவனுக்கும் உள்ளுக்குள் தெரிந்திருக்கிறது. அதனால்தான் தண்ணி ஊற்றுகிறான். காண்ட்ராக்டர் தாளில் டைப் அடித்திருக்கிற 'தானாகவே'யும் அந்த ஆட்டின் சிலுப்பல்தான். தண்ணி ஊற்றியவன் யார் என்று தாளில் இல்லை.

அந்தத் தாளுக்குப் பின்னாலும் ஒரு கதை இருக்கிறது. மனிதரைக் கொண்டு மலம் அள்ளுவதைத் தடை செய்த சட்டம் 1993இல் வந்தது. சாக்கடையிலும் கழிவுத் தொட்டியிலும் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதைக் குற்றமாக்கிய சட்டம் 2013இல் வந்தது. 2014 மார்ச் 27ஆம் தேதி உச்ச நீதிமன்றம், 1993 முதல் இப்படிச் செத்தவர்கள் குடும்பத்துக்கெல்லாம் பத்து லட்சம் கொடுக்கச் சொன்னது. 2023 அக்டோபர் 20ஆம் தேதித் தீர்ப்பில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. 2014 தீர்ப்பைக் கேள்விப்பட்டு நாங்கள் மனு எழுதினோம். உங்கள் பையன் தொட்டி சுத்தம் செய்கிற ஆள் கிடையாது, அவர் லோடுமேன், தானாகவே இறங்கியவர் என்று ஒரு மேசையில் இருந்து பதில் வந்தது. கைநாட்டுத் தாளின் நகலையும் காட்டினார்கள். வன்கொடுமைச் சட்டத்தில் ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டால், 1950ஆம் வருஷத்து ஜனாதிபதி ஆணையைக் காட்டினார்கள். கிறிஸ்தவன் பட்டியல் சாதி ஆக மாட்டான். 'காலனிப் பசங்க எவன்டா' என்று சூப்பர்வைசர் கேட்டபோது அவன் ஞானஸ்நானம் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. நஷ்டஈடு கேட்டபோது எல்லாருக்கும் ஞாபகம் வந்துவிட்டது.

4

இந்த இடத்தோடு நான் கட்டுரையை முடித்திருந்தால் தோழர்களுக்குப் பிடித்திருக்கும். சாதி கொன்றது, பலி என்பது ஏமாற்று என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அப்படித்தான் அன்று நோட்டீஸ் போட்டேன். சாதிய முதலாளித்துவம் காவு வாங்கிய இன்னொரு உயிர் என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. சின்னம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண் படித்துக் காட்டியிருக்கிறாள். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"இன்னா நைனா, நீ எழுதி கீறதப் பாத்தா அவன யாரோ புடிச்சித் தள்ளி வுட்டா மாரி கீதே. என் புள்ள ஆடு இல்ல. ரெண்டாவது தபா அவனேதான் எறங்கினான். அத்த எழுதலியே நீ?"

எனக்குப் பதில் வரவில்லை. இத்தனை வருஷமாகியும் அந்தக் கேள்விக்குத்தான் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

காண்ட்ராக்டரின் தாள் முதல் இறக்கத்தை மறைத்தது. என் நோட்டீஸ் இரண்டாவது இறக்கத்தை மறைத்தது. இரண்டாவது தடவை எந்தப் பார்வையும் அவனைத் தள்ளவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று அப்போது அவன் நெஞ்சுக்கே தெரியும். நம் ஆட்களே தடுத்தார்கள். சாதி அவனுக்குப் போட்ட கணக்கு முதல் இறக்கத்தோடு தீர்ந்துவிட்டது. இரண்டாவது இறக்கம் எவன் கணக்கிலும் சேராதது. மொழி தெரியாத, பேர் தெரியாத ஒருவனுக்காக அவன் தானே போட்ட கணக்கு. தலித் என்றாலே பாதிக்கப்பட்டவன், அவன் செய்வதெல்லாம் அவனுக்குச் செய்யப்பட்டது என்று நாமும் எழுதப் பழகிவிட்டோம். அவன் சுயமாக ஒன்றைச் செய்யக் கூடியவன், அதுவும் மற்றவர்களை விடப் பெரிதாகச் செய்யக் கூடியவன் என்பதை ஆதிக்கச் சாதிக்காரன் ஒப்புக்கொள்ள மாட்டான். நாமும் மறுத்தால் எப்படி?

இன்னொரு வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். 2009 ஜனவரி 29ஆம் தேதி சென்னையில் ஈழத்து மக்களுக்காக முத்துக்குமார் தீக்குளித்தார். 2011 ஆகஸ்ட் 28ஆம் தேதி காஞ்சிபுரத்தில் மூவர் தூக்குக்கு எதிராகச் செங்கொடி தீக்குளித்தார். அவர்களுடைய அன்பை எடை போட நான் யார்? ஆனால் அங்கே சாவு ஒரு செய்தி. அதுவே வழி. தம்பிக்குச் சாவு வழியும் இல்லை, செய்தியும் இல்லை. ஆளைத் தூக்கிக்கொண்டு ஏறி வந்து, குளித்து, மத்தியானச் சோறு தின்ன வேண்டும் என்பதுதான் அவன் திட்டம். டிபன் டப்பா லாரி மேல் இருந்தது. அவன் சாகப் போகவில்லை, தூக்கப் போனான். கிறிஸ்தவப் போதனை தற்கொலையையும் உயிர்க்கொடையையும் பிரிக்கிற கோடு இங்கேதான் இருக்கிறது. கொடுக்கிறவன் விரும்புவது மற்றவனின் உயிரை. தன் சாவை அவன் விரும்புவதில்லை, அது குறுக்கே வந்தாலும் திரும்பிப் போகாமல் இருக்கிறான், அவ்வளவுதான். கெத்செமனித் தோட்டத்தில் இயேசுவும் சாவை விரும்பவில்லை. அந்தப் பாத்திரம் தன்னை விட்டு அகலாதா என்று வேர்த்து விறுவிறுத்துக் கேட்டவர் அவர்.

பாஸ்டர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்றேன். எபிரெயர் நிருபம் பலியை ஒரே தரத்தோடு முடித்தது எங்களுக்கு நல்ல சேதி. இனிமேல் யாருடைய இரத்தமும் எந்தக் கடவுளுக்கும் தேவைப்படாது என்று அதற்கு அர்த்தம். ஊர் நலத்துக்கு ஒருவன் சாக வேண்டும் என்று எவனும் இனிக் கடவுள் பேரைச் சொல்லிக் கேட்க முடியாது. பவுல் ரோமருக்கு எழுதும்போது 12ஆம் அதிகாரத்தில் கேட்கிற பலியும் உயிருள்ள உடம்புதான். செத்த உடம்பை அவர் கேட்கவில்லை. இரக்கம்தான் வேண்டும், பலி வேண்டாம் என்ற ஓசியா தீர்க்கனின் பேச்சை இயேசு திரும்பச் சொன்னதாக மத்தேயு எழுதுகிறார். ஆகவே பாவத்தைப் போக்குகிற பலி என்ற அர்த்தத்தில் தம்பியின் சாவு பலி இல்லை, ஆகவும் வேண்டாம். எவன் பாவத்தைக் கழுவ அவன் சாக வேண்டும்? காண்ட்ராக்டர் பாவத்தையா? அன்பின் கொடை என்ற அர்த்தத்தில் கேட்டால், கோல்பே கொடுத்ததும் அவன் கொடுத்ததும் ஒன்றுதான். பட்டம் வருமா வராதா என்பது ரோமாபுரியின் கவலை.

5

இரண்டு இறக்கத்தையும் சேர்த்துச் சொல்லக்கூடிய ஒரு மொழி எங்கே இருக்கிறது? தேடிக்கொண்டிருந்தபோது மறுபடி யோவானைத்தான் படித்தேன். சாமியார் படித்த 15ஆம் அதிகாரத்துக்கு முன்னால் 11ஆம் அதிகாரம் இருக்கிறது. அதில் தலைமைக் குரு கயபா ஆலோசனைச் சங்கத்தில் எழுந்து ஒரு யோசனை சொல்கிறான். இனமே அழிவதை விட ஜனங்களுக்காக ஒருவன் செத்தால் நமக்கு நல்லது என்பது அதன் சாரம். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள்! ஒருவன் பிறருக்காகச் சாவதைப் பற்றித்தான் அவனும் பேசுகிறான், இயேசுவும் பேசுகிறார். இயேசு தன் உயிரைப் பற்றிப் பேசினார். கயபா அடுத்தவன் உயிரைப் பற்றிப் பேசினான். வித்தியாசம் அவ்வளவுதான், அதில்தான் எல்லாமே இருக்கிறது.

இந்த நாட்டில் கயபாவின் வாக்கியம்தான் நடைமுறை. ஊர் சுத்தமாக இருக்கச் சேரியில் ஒருவன் நாறலாம். ஆலை ஓட ஒருவன் இறங்கலாம். எத்தனை ராக்கெட் விட்டாலும், ஒரு கழிவுத் தொட்டிக்கு மிஷின் வாங்குவதை விட ஒரு ஆளை இறக்குவது மலிவு. 2023 மே மாதம் எங்கள் மாவட்டத்திலேயே மீஞ்சூரில் ஒரு தனியார் பள்ளியின் கழிவுத் தொட்டியில் இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் செத்தார்கள். சட்டம் வந்து அப்போது பத்து வருஷம் ஆகியிருந்தது. கயபா சொன்னதைச் செய்துவிட்டு, செத்தவனுக்கு யோவான் 15:13ஐப் படித்துக் காட்டும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது. ஒருவன் தன்னைக் கொடுத்தான் என்று சொல்வது உண்மையாக இருக்கலாம். அந்த உண்மையை அவனை எடுத்துக்கொண்டவன் சொல்லக் கூடாது. சுவர் கட்டிச் சாதி பிரித்த கல்லறைத் தோட்டம் திருச்சி மேலப்புதூரில் இருந்ததை நாம் அறிவோம். அப்படிப்பட்ட சுவரை இடிக்காத வாய் தலித்தின் சாவைப் பலி என்று புகழும்போது, அந்தப் புகழ்ச்சி எந்தக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது என்று கேட்காமல் இருக்க முடியாது.

யோவான் நேர்மையானவர். கயபா சொன்னது அவனுக்கே தெரியாத வேறொரு அர்த்தத்தில் பலித்துவிட்டது என்று அடுத்த வசனத்திலேயே எழுதுகிறார். அதே சாவு, கொன்றவர்கள் பக்கம் இருந்து பார்த்தால் கொலை. கொடுத்தவர் பக்கம் இருந்து பார்த்தால் கொடை. ஒன்று மற்றதைத் தள்ளுபடி செய்வதில்லை. இயேசு மனமுவந்து கொடுத்தார் என்பதால் கொன்றவர்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கவில்லை திருச்சபை. ஞாயிறுதோறும் பூசையில் விசுவாசப் பிரமாணம் சொல்கிறோமே, அதில் மாதாவின் பெயரைத் தவிர ஒரே ஒரு மனுஷன் பெயர் வருகிறது. பேதுரு பெயர் இல்லை, பவுல் பெயர் இல்லை. போஞ்சு பிலாத்து! ரோமாபுரி அனுப்பிய அதிகாரி. கை கழுவியவன். யாருடைய அதிகாரத்தில் இது நடந்தது என்று இத்தனை நூற்றாண்டாகப் பெயர் சொல்லிப் படிக்கிறோம். நமக்காக மரித்தார் என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. எங்கள் பாட்டிகள் எழுத்துத் தெரியாமல் மனப்பாடம் செய்த அந்தப் பிரமாணம், சாமியார் எழுதிய கல்லறை வாசகத்தை விட நேர்மையானது.

என் விடை இதுதான். பிறருக்காக விரும்பிச் சாவது கிறிஸ்தவ விசுவாசத்தில் கொடையே, அதை மறுக்க முடியாது. ஆனால் கொடுத்தவன் பெயரோடு பிலாத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் அது கிறிஸ்தவப் பேச்சு. பிலாத்தை விட்டுவிட்டுச் சொன்னால் அது கயபாவின் பேச்சு. கொடையை விட்டுவிட்டு பிலாத்தை மட்டும் சொன்னால், அது என் நோட்டீஸ்.

6

கல்லறையில் வெகுநாள் கல் வைக்காமலே இருந்தது. சிலுவை மட்டும் நட்டிருந்தோம். வருஷா வருஷம் நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளுக்குச் சின்னம்மா மண்ணைக் கூட்டி, சாமந்தி வைத்து, மெழுகுவத்தி கொளுத்தி உட்கார்ந்திருப்பார். சாமியார் எழுதிய வாசகம் பெட்டியிலேயே கிடந்தது. ஏன் வெட்டவில்லை என்று சாமியார் இரண்டு தரம் கேட்டார். காசில்லை சாமி என்று சின்னம்மா சொல்லி வந்தார். காசு காரணமில்லை என்று எனக்குத் தெரியும்.

போன வருஷம் கல் வாங்கினோம். பெரியபாளையத்தில் கல் வெட்டுகிறவரிடம் போகும் முன்னால் என்ன எழுதுவது என்று சின்னம்மாவைக் கேட்டேன். இந்தக் கட்டுரையில் எழுதியிருப்பதை எல்லாம் அவருக்குத் தெரிந்த பேச்சில் சொல்லிப் பார்த்தேன். கோல்பே கதையைக் கவனமாகக் கேட்டார். அந்தப் போலந்துக்காரருக்குக் கல்லறை உண்டா என்று கேட்டார். உடம்பை எரித்துவிட்டார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

அப்புறம் சொன்னார். "அவன் பேரு போடு. பொறந்த தேதி, செத்த தேதி போடு. ரெண்டு பேரத் தூக்க ரெண்டு தபா எறங்கினான், ஒருத்தனத் தூக்கினான்னு போடு. பலின்னு போடாத. ஆட்ட வெட்டினா மாரி கீது."

"வேற ஒண்ணும் வேணாமா சின்னம்மா?"

"கீழ கொஞ்சம் எடம் வுட்டு வெக்கச் சொல்லு நைனா."

"எதுக்கு?"

"எறக்கினவன் பேரு என்னிக்காச்சும் கோர்ட்ல எழுதுவாங்க இல்ல? அன்னிக்கி வெட்றதுக்கு."

கல் வெட்டுகிறவர் கேட்டார், கீழே இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே, ஒரு வசனம் போட்டுத் தரட்டுமா என்று. வேண்டாம் என்றேன்.